குழியைக் கிணறாக்கிய கதை

எங்கள் ஊரில் ஒருவர் காணாமல் போய் ஒன்றரை வருடமாகிறது. பொலிஸ் தேடியது, மனைவி தேடினார், ஆரம்பத்தில் கொஞ்ச நாள் கடைவீதியே தேடியது. நானும் தேடினேன். எனக்கு மட்டும் காரணம் வேறு: சரக்குத் தீர்ந்துகொண்டிருந்தது.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். அது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். அது பெருமைக்கு. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். அதைப் படித்து எங்கள் ஊரில் யாரும் சிரித்ததாக இதுவரை தகவல் இல்லை. வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்கள். உலகத்தில் யார் யார் எப்படியெல்லாம் சிரிக்க வைத்தார்கள் என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவேன், கேட்பவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. என் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் என் பத்தியைக் கடைசி வரி வரை வாசிப்பார். வாசித்துவிட்டு, "எழுத்துப் பிழையே இல்லைங்க" என்பார். பன்னிரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

காணாமல் போனவர் த்ரீவீல் ஓட்டுபவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வரிசையாக நிற்கும் வண்டிகளில் மூன்றாவது அவருடையது. அவர் கடைசியாக முழுதாகப் படித்தது வண்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கராகத்தான் இருக்கும். ஆனால் அவர் வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கும் அத்தனை வண்டியும் குலுங்கும். தமிழில் ஆரம்பித்து நடுவில் சிங்களத்துக்குத் தாவி, இரண்டு பக்கத்துக்காரரையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைத்துவிட்டு, சவாரிக்கு ஹயர் வந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரிப் போய்விடுவார்.

ஒரு மழை நாளில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் காற்சட்டையை மடித்துவிட்டு, காலில் ஏறிய அட்டையைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்.

"அத ஏசாதீங்க ஐயா," என்றார் இவர். "தோட்டத்துல ஆள் பாத்து நடக்காதது அது ஒண்ணுதான். தொரை காலும் அதுக்கு ஒண்ணு, எங்க காலும் ஒண்ணு. தொரை ஜீப்ப விட்டு எறங்க மாட்டேங்குறாரு, அதுக்கு அது பாவம் என்ன பண்ணும்?"

கணக்கப்பிள்ளை திட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். காலில் இரத்தம் வழிய ஒரு மனிதர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கு ஒரு விநாடி முன்னால் வந்தது வேறு. பழைய புலவர்கள் அதற்கு அழுக்காறு என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் வயித்தெரிச்சல் என்போம்.

அன்று வீட்டுக்குப் போய் அந்த அட்டையை எழுதிவைத்தேன். இரண்டு வாரம் கழித்து அது பத்திரிகையில் வந்தது. தொரை அரசாங்க அதிகாரி ஆகியிருந்தார், அட்டை கடிக்கிற நுளம்பாகியிருந்தது, மழை நாள் ஒரு வெயில் நாளாகியிருந்தது. திருட்டு வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரிதான். அதற்குப் பிறகு பாடசாலை விட்டதும் நேராகப் பஸ் ஸ்டாண்ட். கையில் ஒரு கொப்பி. யாராவது கேட்டால் பாடக் குறிப்பு என்பேன். அங்கேயே நின்று, அங்கேயே எழுதி, எழுதும்போதே பெயின்டும் அடித்துவிடுவேன். லயம் வாடகை வீடாகும், த்ரீவீல் சைக்கிளாகும், ஊரின் பெயர் உதிர்ந்துவிடும். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதற்கு என் கொப்பியில்கூட ஒரு சாட்சியும் மிஞ்சாது. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நான் பெருமைப்பட்டதும் உண்டு.

ஏழு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் காலையில் அவர் வண்டியைத் தன் இடத்தில் நிறுத்தி, சாவியைத் தேநீர்க் கடையில் கொடுத்துவிட்டு, அவிசாவளை பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். த்ரீவீல்காரர் பஸ்ஸில் போகிறாரே என்று அவர்களுக்கு அப்போதே ஆச்சரியமாம். ஆச்சரியப்பட்டவர்கள் எங்கே போறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் ஏதோ சொன்னாராம், பஸ்ஸே சிரித்ததாம், அதோடு அவர்களுக்குக் கேள்வி மறந்துவிட்டது. அவிசாவளையில் அவர் இறங்கியதைப் பார்த்தவர் யாருமில்லை.

முறைப்பாடு கொடுக்கப் போனபோது அவருடைய மனைவி என்னையும் கூட்டிப்போனார். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவார். எழுதியதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டுமே என்றுதான் என்னை அழைத்தார். சார்ஜன் உயரம் கேட்டார், நிறம் கேட்டார், உடுத்தியிருந்தது என்ன என்று கேட்டார். அடையாளம் காட்ட விசேஷமாக ஏதாவது உண்டா என்றார்.

"எல்லாரையும் சிரிக்க வைப்பார்," என்றார் மனைவி, சிங்களத்தில்.

சார்ஜன் எழுதக் குனிந்தார். பேனை நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பார்த்தேன். ஒருமுறை அவர் அந்த த்ரீவீலை மறித்து, முன் லைட் ஒன்று ஏன் எரியவில்லை என்று கேட்டாராம். "ரெண்டும் எரிஞ்சா ரோட்டுல இருக்குற குழி எல்லாம் தெரிஞ்சிரும் சேர். அப்புறம் எந்த தைரியத்துல ஓட்டுறது?" என்று பதில் வந்ததாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து மேசைப் பொலிஸ்காரரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன நினைத்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஜோக் என் கொப்பியில் இல்லை. பொலிஸுக்குச் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே என்று எரிந்தது. ஆள் காணாமல் போன முறைப்பாட்டு மேசையிலேயே சிரிப்பை உண்டாக்குகிற ஒருவரோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. இருக்கும்போது அவர் த்ரீவீல்காரர். போன பிறகு ஊரின் சொத்தாகிவிட்டார். தேநீர்க் கடையில், சலூனில், பஸ்ஸில், எங்கும் அவர் சொன்னதுதான் பேச்சு. ஒரு நாள் சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் ஒருவர் சொல்கிறார்: "அவரு சொல்லுவாருல்ல, 'நம்ம ஸ்கூல்ல எல்லாப் புள்ளையும் கெட்டிக்காரப் புள்ளதான், அதுனாலதான் ஒண்ணும் ஸ்கூலுக்கு வர்றதில்ல'ன்னு." சலூனே சிரித்தது. அது என்னுடையது! பன்னிரண்டு வருடத்தில் யாரிடமும் எடுக்காமல் என் சொந்த மண்டையில் முளைத்தது அது ஒன்றுதான். கழுத்தில் சவரக் கத்தி இருந்ததால் அசையாமல் இருந்தேன். கத்தி இல்லாவிட்டாலும் என்ன சொல்லியிருக்க முடியும்? காணாமல் போனவர் என்னிடம் திருடிவிட்டார் என்றா?

போன வருடக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்து மழை. மழை என்றால் ரப்பரில் வெட்டு இல்லை. பத்து மணிக்கு அவருடைய மனைவி எங்கள் வீட்டு வாசலில் குடையை உதறிக்கொண்டு நின்றார்.

"சேர், அவரு பேசுறப்ப நீங்க கொப்பியில எழுதிக்கிட்டே இருப்பீங்களாமே."

"யாரு சொன்னது, தங்கச்சி?"

"அவருதான். 'வாத்தியாரு நான் பேசுறத எல்லாம் எழுதி வச்சிக்கிறாரு, நான் செத்தா பாடமா வப்பாரு போல'ன்னு சொல்லிச் சிரிப்பாரு."

தெரிந்திருக்கிறது! ஏழு வருடமும் தெரிந்திருக்கிறது!

"எங்க போறேன், யாரப் பாக்கப் போறேன்னு அதுல ஏதாச்சும் சொல்லியிருக்காரான்னு பாக்கணும் சேர்."

"அது வந்து... பாடசாலைக் குறிப்பு."

"பச்சப் பொய்," என்றது உள்ளேயிருந்து என் மனைவியின் குரல். "மேச லாச்சியில கெடக்கு. எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். "உங்க எழுத்து எனக்கு வெளங்கல. வாசிங்க."

நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இதைவிடக் கடினமான சபை அமையாது. எதிரே காணாமல் போனவரின் மனைவி, பக்கத்தில் தேநீரோடு என் மனைவி. நான் ஒவ்வொரு ஜோக்காக வாசித்தேன். இருவரும் சிரிக்கவில்லை. வாடகை வீட்டில் மழைக்கு ஒழுகும் கூரையைப் பற்றி ஒன்று இருந்தது: வெளியே பெய்வது தூறல், உள்ளே பெய்வதுதான் மழை.

"இது என்னோடது," என்றார் அந்த அம்மா.

"என்னங்க?"

"எந்த வாடக வீடு? எங்க லயத்துக் கூரைய நான் சொன்னது. ராத்திரி சட்டிய வச்சிக்கிட்டே சொன்னேன். மறுநாளு டவுனுக்குக் கொண்டுபோயிட்டாரா?"

அடுத்தது. "இதுவும் நான் சொன்னது." அதற்கடுத்தது. "இது அவரு தம்பி சொன்னது." பிறகு மூன்று தொடர்ச்சியாக, "என்னோடது, என்னோடது, இத நான் இன்னும் நல்லாச் சொன்னேன், நீங்க கெடுத்து வச்சிருக்கீங்க." அந்த அட்டையும் அந்த அம்மாவுடையதுதான். பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் காலைப் பார்த்தபோது சொன்னாராம். குரலில் கோபமில்லை, பெருமையும் இல்லை. சந்தையில் காய் பொறுக்குவது மாதிரிப் பிரித்துக்கொண்டே போனார். பாதிக்கு மேல் அவர் பக்கம் சேர்ந்துவிட்டது. ஏழு வருடமாக நான் தப்பான ஆள்மேல் வயிறெரிந்திருக்கிறேன். திருடியவரிடம் திருடியிருக்கிறேன். உண்மையான ஆள் எதிரே, ஈரக் காலோடு உட்கார்ந்திருந்தார்.

பிறகு பூனை வந்தது. இதையும் நான் ஏற்கெனவே அச்சில் போட்டிருந்தேன்: வீட்டுப் பூனைக்கு மீன் வாங்கிக்கொண்டு போகிற அன்று மட்டும் நான் சொந்தக்காரன், மற்ற நாளெல்லாம் வாடகைக்கு இருக்கிறவன்.

"மறுபடி வாசிங்க," என்றார்.

வாசித்தேன்.

"எங்க வீட்டுல பூன இல்லையே சேர். எந்தக் காலத்துலயும் இல்ல. எனக்குப் பூன ஆகாது. நாயின்னு சொன்னாரா, நீங்க மாத்துனீங்களா?"

"ஞாபகமில்லை."

"நல்லா யோசிங்க. நாயா, பூனையா?"

யோசித்தேன். அந்தக் காலத்தில் எனக்கு நாயும் ஒன்று, பூனையும் ஒன்று. சிரிப்பு வருமா என்று மட்டுமே பார்த்தேன். மீனுக்குப் பூனைதானே பொருத்தம் என்று மாற்றியிருப்பேன். மாற்றாமலும் இருந்திருப்பேன். ஒரு மனிதர் எந்த வீட்டில் மீன் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதற்கான ஒரே தடயத்தில் என் கைப் பெயின்ட். என்னால் சுரண்ட முடியவில்லை.

இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று. கிணற்றில் தூர்வார இறங்குகிறவன் சாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறான், மேலே கயிறு பிடிக்கிறவனைக் கும்பிட்டாலல்லவா பிரயோசனம்.

"எங்க தோட்டத்துல கெணறு ஏது? எல்லாம் மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி."

இது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. "அவர் சொன்னது மாணிக்கக் குழி. நான்தான் கிணறு என்று மாற்றினேன். பத்திரிகை யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போகிறது, அங்கே மாணிக்கக் குழியை யார் கண்டார்கள்?"

"அவரு எங்க கண்டாரு?"

"குருவிட்டப் பக்கம் ஒரு ஹயர் போனதாக ஒருமுறை சொன்னார்."

"என்கிட்ட சொல்லல," என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "மாணிக்கக் குழிப் பக்கம். பூன உள்ள வீடு."

என் மனைவி அவர் கையைப் பிடித்தார். "அப்பிடி எல்லாம் நெனைக்காதீங்க அக்கா."

"இல்லைங்க, நெனைக்கத்தான் வேணும்," என்றார் அவர். "இன்னொருத்தி இருந்தா ஆளு உசுரோட இருக்காருல்ல. அந்தச் சிறுக்கி வீட்டு வாசல்ல போயி நின்னு நாலு வார்த்த கேட்டுட்டு வருவேன். ஒருத்தியும் இல்லேன்னா நான் யாருகிட்ட போயி கேக்குறது?"

பொறாமையில் நான் தேறியவன் என்று நினைத்திருந்தேன். அதை ஒருவர் இப்படி வாய்விட்டுக் கேட்டு நிற்பதை நான் பார்த்ததில்லை.

பாடசாலை விடுமுறை விட்டதும் அடுத்த மழை நாளில் குருவிட்டைக்குப் போனோம். என் மனைவியும் வந்தார். "நீங்க ரெண்டு பேரும் தனியாப் போனீங்கன்னா ஊரு அடுத்த ஜோக்க ஆரம்பிச்சிரும்" என்பது அவர் சொன்ன காரணம். உண்மையான காரணம், கேட்கப்போகும் நாலு வார்த்தையைத் தானும் கேட்கவேண்டும் என்பது.

த்ரீவீல் நிறுத்துமிடத்தில் போட்டோவைக் காட்டினோம். தெரியாது. மீன் கடை இரண்டில் காட்டினோம், பூனைக்காக. தெரியாது. மாணிக்கக் குழிகளுக்குப் போகிற பாதை பிரியும் இடத்தில் எங்கள் ஆள், தமிழர் ஒருவரின் தேநீர்க் கடை இருந்தது. முதலாளி போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இந்தப் பக்கம் கண்டதில்லைங்க."

பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மாணிக்கம் தோண்டக் குழிக்குப் போகிற இரண்டு பேர் தேநீர் குடித்துவிட்டு எழுந்து, சுவரிலிருந்த சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். முதலாளி கல்லாவிலிருந்தபடியே சிங்களத்தில் அவர்களிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். எங்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்: "ஒண்ணுமில்லைங்க. கெணத்துல எறங்குறவன் சாமிய கும்பிட்டு எறங்குறானாம். மேல கயிறு புடிக்கிறவன கும்பிடுங்கடான்னேன்."

அந்த அம்மாவின் கையிலிருந்த கிளாஸ் மேசையில் இடித்தது. "யாருங்க சொன்னது இத?"

"யாரோ சொன்னதும்மா. வாரவங்க போறவங்க வாயில வர்றதுதானே. மூணு நாலு மாசத்துக்கு முந்தி கேட்டேன்."

மூன்று நாலு மாதம். ஆள் போய் ஒரு வருடத்துக்கு மேல். அந்த அம்மாவின் முகத்தில் இரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். கோபமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாத முகம்.

என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நல்லது. முதலாளி சிங்களத்தில் சொன்னபோதே என் காது பிடித்துவிட்டது. சுற்றிலும் மாணிக்கக் குழி உள்ள ஊரில், குழிக்கு இறங்குகிறவர்களிடம், அவர் 'லிந்த' என்றார். கிணறு. அந்தக் கிணறு நான் வெட்டியது. மூன்று நாலு மாதத்துக்கு முந்தி, மிஞ்சியிருந்த சரக்கிலிருந்து எடுத்து நான்தான் அச்சில் விட்டேன். யாரோ படித்து, யாருக்கோ சொல்லி, அது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. காணாமல் போனவர் இந்தக் கடையில் கால் வைத்தார் என்பதற்கு அது சாட்சியே இல்லை.

அதை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த விநாடியில் என் மனதில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம்! முதன்முதலாக என்னுடைய ஒன்று ஊர் விட்டு ஊர் போயிருக்கிறது. சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள், அதுவும் பற்கள் தெரிய. என்னுடையது என்றா சொன்னேன்? ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இரண்டு கை மாறிய திருட்டுப் பொருளைப் பார்த்து, என் பிள்ளை என்று நெஞ்சு விம்மியது.

அவிசாவளை வரைக்கும் ஒரு பஸ். அந்த பஸ்ஸில் என் மனைவியும் அந்த அம்மாவும் சேர்ந்து, இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்தியை உருவாக்கினார்கள்.

"தடிச்சவளாத்தான் இருப்பா."

"பல்லு எடுப்பா இருக்கும். இல்லாட்டி இவ்ளோ சிரிப்பு எதுக்கு?"

"அவருக்கு நெத்தலி கருகக் கருகப் பொரிக்கணும். தெரியுமா அவளுக்கு?"

"எங்க தெரியப் போவுது. பூனைக்குப் போட்டு மிச்சத்தப் போடுவா."

அந்த அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. கன்னம் சிவந்து, கண் மின்னி, பத்து வயது குறைந்திருந்தது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவிசாவளையில் அடுத்த பஸ். என் மனைவிக்கு பஸ் புறப்பட்டதும் தூங்கும் வரம் உண்டு. தூங்கிவிட்டார். மேடு ஏறத் தொடங்கியதும் நான் திரும்பி உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, அந்தக் கடையில கேட்டது..."

"தெரியும் சேர். கெணறுன்னாரு."

"எப்ப தெரியும்?"

"அவரு சொன்னப்பவே காதுல விழுந்துச்சு."

"அப்ப ஏன்..."

"ஒரு ரெண்டு பஸ்ஸுக்காச்சும் இருக்கட்டுமேன்னுதான்." அவர் வெளியே பார்த்தார். ரப்பர் மரங்கள் மழையில் நின்றன, பால் சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "நீங்க ஏன் சொல்லல?"

பொய் சொல்ல நிறைய இருந்தது. உங்கள் மனம் நோகக்கூடாது என்று சொல்லியிருக்கலாம், பொருத்தமாகவும் இருந்திருக்கும். "சந்தோசமா இருந்துச்சு," என்றேன். "நான் எழுதுனத ஒருத்தரு சொல்லி, கேட்டவங்க சிரிச்சாங்களேன்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் சிரிச்சாங்க சேர்," என்றார். ஆறுதல் சொல்கிற குரல். அவர் எனக்கு!

அப்புறம் கேட்டார்: "கொப்பியில இன்னும் பேப்பர்ல வராதது எத்தன இருக்கு?"

"பதினாலு."

"யாருக்காச்சும் சொல்லியிருக்கீங்களா? வீட்டுல?"

"இல்லை."

"அத எழுதாதீங்க சேர். பேப்பருக்கும் குடுக்காதீங்க, யாருகிட்டயும் வாய தொறக்காதீங்க. அதுல ஒண்ணு எங்கயாச்சும், யாரு வாயிலயாச்சும் நான் கேட்டேன்னா, அது அவருகிட்ட இருந்து வந்ததாத்தான் இருக்கணும். வேற எந்தப் பக்கமும் வர வழி இருக்கக் கூடாது."

"அவர் போறதுக்கு முன்னாலயே ஸ்டாண்டுல சொன்னதுதானே, தங்கச்சி. அங்க கேட்டவங்க சொல்லித் திரிவாங்களே."

"அத நான் விசாரிச்சிக்கிறேன்."

விசாரித்தார். ஒவ்வொரு மழை நாளும் எங்கள் வீட்டுக்கு வந்து, பதினாலையும் என்னை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார். பிறகு ஸ்டாண்டில் போய், 'அவரு கடைசியா என்னென்ன சொன்னாரு' என்று பேச்சுக் கொடுத்து, யார் வாயிலாவது வந்ததைக் கழித்தார். எட்டு கழிந்தது. ஆறு மிஞ்சியது. அந்த ஆறும், காணாமல் போனவரும் நானும் மட்டும் வண்டியில் இருந்தபோது, என்னை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் சொன்னவை. மனைவி சொன்னதும் அல்ல, தம்பி சொன்னதும் அல்ல. அவருடைய சொந்தச் சரக்கு.

நான் பொலிஸ் நிலையத்துக்கும் போனேன். பூனை, குழி, கிணறு எல்லாவற்றையும் வாக்குமூலமாகக் கொடுத்தேன். சார்ஜன் பொறுமையாக எழுதிக்கொண்டார். ஆறையும் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டால் யாருக்காவது சொல்லிவிடுவார்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வியாழனும் பத்திரிகைக்கு அனுப்பவேண்டும். லாச்சியில் ஆறு இருக்கின்றன. நான் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எழுதியது அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஆறு இருக்கும் தட்டு அசையாது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, பாண் விலை பற்றியும் கரண்ட் வெட்டு பற்றியும் என் சொந்தப் புத்தியில் எழுதுகிறேன். ஆசிரியர் போன் பண்ணி, "என்ன மாஸ்டர், கொஞ்ச நாளா முந்தின மாதிரி இல்லையே" என்கிறார். என் மனைவி வழக்கம்போல எழுத்துப் பிழை இல்லை என்கிறார். இந்தக் கட்டுரையில் நான் சொன்ன ஜோக்குகளெல்லாம் ஏற்கெனவே அச்சில் வந்தவை, அல்லது ஊரே அறிந்தவை. அந்த அம்மாவிடம் காட்டி, சரியென்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

சில மத்தியானங்களில் லாச்சியைத் திறந்து ஆறையும் வாசிப்பேன். தனியாகச் சிரிப்பேன். உடனே பழைய வயித்தெரிச்சலும் வரும். அவர் எங்கேயோ இதைச் சொல்லிக்கொண்டு, யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எரிய விடுவேன். எரியாத நாளில்தான் பயமாக இருக்கிறது.

இப்போது எங்கே சிரிப்புச் சத்தம் கேட்டாலும் எனக்குக் கால் நிற்காது. போன வாரம் அவிசாவளையிலிருந்து வரும்போது பஸ்ஸின் பின் சீட்டில் திடீரென்று ஒரே சிரிப்பு. நான் முன்னால் ஜன்னலோரம் நல்ல சீட்டில் இருந்தேன். எழுந்து, நின்றவர்களை இடித்துக்கொண்டு பின்னால் போனேன். என் வயதுக்காரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்னங்க சொன்னீங்க?"

அவர் கூச்சப்பட்டார். கேட்டுக்கொண்டே நின்றதால் திரும்பச் சொன்னார். மாமியாரைப் பற்றியது. நன்றாகவே இருந்தது. அந்த ஆறில் ஒன்றல்ல. திரும்பி வந்து பார்த்தால் என் சீட்டில் ஒரு பலாக்காயும் அதன் சொந்தக்காரரும்.

தெரணியகலை வரை நின்றுகொண்டே வந்து இறங்கினேன். அந்த அம்மா கடையில் அரிசிப் பையோடு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"என்ன சேர்?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸுல ஒருத்தரு மாமியா ஜோக்கு சொன்னாரு."

"அப்ப அவரு இல்ல," என்று பையைத் தூக்கிக்கொண்டார். "எங்கம்மான்னா அவருக்குப் பயம்."